உயிரணுவின் உதிர்வும் புற்றுநோயின் போக்கும்

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையின்போது, எனக்கு மூத்தவரும் என்னோடு ஒரே பள்ளியில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவருமான தமிழாசிரியர் ஒருவர் என் வீட்டிற்கு வந்திருந்தார். அவர் கழுத்தின் வலப்புறத்தில் நெல்லிக்காய் அளவில் தோன்றிய கட்டியொன்றை மருத்துவர்கள் அறுத்தெடுத்துச் சோதித்திருந்தனர். சோதனை அறிக்கை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். நிணநீர்க் கணுவில் உண்டாகும் புற்றுநோய் வகைகளுள் அது ஒன்று என்பதை மருத்துவர் முன்னரே சொல்லிவிட்டார். ஆசிரியர் மனத்தைக் குடைந்தது வேறொன்று. அறிக்கையின் நடுவே 'பி.சி.எல்.-2 பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருந்தது. அவர் மகள் அவ்வரியைப் பற்றித் தேடிப் படித்து, அந்தப் புரதம் காணப்படும் நோயாளிகள் நெடுநாள் வாழ்கின்றனர் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருப்பதாகத் தந்தைக்குத் தேறுதல் கூறியிருக்கிறார். மருமகனோ, அதே புரதம் புற்றணுவைச் சாகவிடாமல் காக்கும் பொல்லாத பொருள் என்று வேறோரிடத்தில் படித்துவிட்டு வாய் திறவாமல் இருந்திருக்கிறார்.

"தம்பி, இது இருக்கிறது என்றால் எனக்கு நல்லதா, கெட்டதா? இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?" என்று ஆசிரியர் கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. மகளும் மருமகனும் சரியாகவே படித்திருந்தனர் என்பதையும், இருவர் படித்ததுமே அவருடைய நோய்க்குப் பொருந்தவில்லை என்பதையும் நான் விளங்கிக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின. நான் மருத்துவன் அல்லேன். தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன். ஆயினும் ஒரு பொருள் இன்றுள்ள நிலைக்கு எவ்வாறு வந்தது என்று அதன் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால் பல முடிச்சுகள் தாமே அவிழும் என்பது என் அனுபவம். அந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தது 1991ஆம் ஆண்டில். உயிரணு ஒன்று பிளந்து இரண்டாகும், இரண்டு நான்காகும் என்று கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டக் கற்றோம். உயிரணு சாவதும் ஓர் ஒழுங்குடைய செயல் என்று எவரும் எங்களுக்குச் சொன்னதாக நினைவில்லை. தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை ஆண்டுதோறும் கற்பித்தோம். தலைப்பிரட்டையின் வால் எங்கே போயிற்று என்று மாணவர் எவரேனும் கேட்டால், "சுருங்கிவிட்டது" என்று சொல்லி அடுத்த படத்திற்குப் போனோம். வாலின் உயிரணுக்கள் செத்து மறைகின்றன. செத்தாக வேண்டுமென்றே உடல் அவற்றைப் பணிக்கிறது. தாயின் கருவில் நம் கைவிரல்களுக்கு இடையே இருந்த சவ்வும் இவ்வாறே மறைந்தது.

இதனை அறிஞர்கள் முற்றிலும் அறியாமல் இருந்தனர் என்று சொல்ல முடியாது. செர்மானிய அறிஞர் கார்ல் வோக்ட் 1842ஆம் ஆண்டிலேயே தேரை வகையொன்றின் வளர்ச்சியை ஆராய்ந்தபோது உயிரணுக்கள் மடிவதைக் குறித்து வைத்தார். ஆனால் அதன் பின் நூறாண்டுக்கு மேல் உயிரணுவின் சாவு ஒரு விபத்தாகவே பெரும்பாலும் எண்ணப்பட்டது. நஞ்சு பட்டால் சாகும், இரத்தம் கிட்டாவிட்டால் சாகும். அதில் ஆராய என்ன உண்டு என்றிருந்தனர். 1964ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ரிச்சர்ட் லாக்ஷின் என்பவர், பட்டுப்பூச்சி கூட்டை விட்டு வெளிவந்ததும் அதன் தசைகள் சில குறித்த நேரத்தில் மடிவதை ஆராய்ந்து, முன்னரே வகுக்கப்பட்ட சாவு என்னும் கருத்தை வெளியிட்டார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஆஸ்திரேலிய நோய்க்குறியியல் அறிஞர் ஜான் கெர். 1960களில் இலண்டனில் ஆராய்ந்தபோது அவர் எலியின் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயின் கிளையொன்றைக் கட்டிவிட்டு, பின்னர் அக்கல்லீரலை நுண்ணோக்கியில் நோக்கினார். இருவகைச் சாவுகளைக் கண்டார். ஒருவகையில் உயிரணு வீங்கி வெடித்தது. சுற்றிலும் அழற்சி தோன்றியது. மற்றொரு வகையில் அது அமைதியாகச் சுருங்கிச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்தது. அண்டை உயிரணுக்கள் அத்துண்டுகளை விழுங்கின. அழற்சியின் சுவடே இல்லை. 1971இல் அவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு ஆண்ட்ரு வைலி, அலஸ்டேர் கர்ரி என்னும் இருவரோடு சேர்ந்து, 1972ஆம் ஆண்டு பிரிட்டிஷ் புற்றுநோய் ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் வகைச் சாவுக்கு அதில் ஒரு புதுப்பெயர் வைத்தனர்: அப்போப்டோசிஸ்.

பெயரைத் தந்தவர் மருத்துவர் அல்லர். அபர்டீனில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கோர்மாக். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் பழஞ்சொல் அது. அச்சொல்லை எப்படி ஒலிக்க வேண்டும் என்று அடிக்குறிப்பே எழுதி, நடுவிலுள்ள 'ப்' ஒலியை விட்டுவிடுமாறு அறிவுறுத்தியிருக்கின்றனர் அந்த ஆசிரியர்கள். அறிவியலாரில் பெரும்பாலோர் அக்குறிப்பைக் கேட்கவில்லை! நம்மவர் இதற்கு 'உயிரணு உதிர்வு' என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. புயலில் முறிந்த கிளையின் இலைக்கும், ஆண்டின் தொடக்கத்து வறட்சி மாதங்களில் ரப்பர் மரம் தானே கழித்துவிடும் இலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்னது விபத்து, பின்னது மரத்தின் செயல். தமிழிலோ இன்னும் நெருக்கமான சொல்லொன்று உண்டு. பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று எண்ணிக்கொண்டு வரும் நாம், உதிரும் பூவை 'வீ' என்கிறோம். 'வீதல்' என்றால் சாதல். கிரேக்கர் உவமையாகச் சொன்னது தமிழில் ஒரே வேராக நிற்கிறது.

அக்கட்டுரை புற்றுநோய் இதழில் வெளிவந்ததற்குக் காரணம் உண்டு. கட்டி வளர்வது உயிரணுக்கள் மிகுதியாகப் பிறப்பதால் மட்டும் அன்று. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் எஞ்சுவதே வளர்ச்சி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் பள்ளிப் பதிவேட்டைப் போலத்தான். புதிதாக ஒருவரும் சேராவிட்டாலும், வெளியேறுவது நின்றுவிட்டால் எண்ணிக்கை குறைவதில்லை. எனினும் பத்தாண்டுக்கு மேலாக இக்கருத்தைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. நுண்ணோக்கியில் தெரியும் வடிவத்தைத்தான் அவர்கள் காட்டினர். அதை இயக்கும் பொருள் எது என்று காட்ட இயலவில்லை.

அப்பொருள் இருவேறு வழிகளில் வெளிப்பட்டது. ஒருவழி, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு வகையொன்றின் வழி. கேம்பிரிட்ஜில் ஜான் சல்ஸ்டன் அப்புழுவின் உடலில் ஒவ்வோர் உயிரணுவும் எதிலிருந்து பிறந்தது என்று கண்கொட்டாமல் பார்த்துப் பதிவு செய்தார். வளர்ச்சியில் தோன்றும் 1090 உயிரணுக்களுள் சரியாக 131 மடிகின்றன; எந்தப் புழுவிலும் அதே 131. அமெரிக்காவில் ராபர்ட் ஹார்விட்ஸ் 1986 முதல் அச்சாவுக்குத் தேவையான மரபணுக்களையும், பின்னர் அதைத் தடுக்கும் மரபணுவையும் கண்டறிந்தார். அவ்விருவருக்கும், அப்புழுவை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னருக்கும் 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மற்றொரு வழி நோயாளிகளின் கட்டிகள். 1979ஆம் ஆண்டு சிகாகோவில் ஷிரோ ஃபுகுஹாரா, ஜேனட் ரௌலி என்னும் இருவரும் நிணநீர்க் கணுப் புற்று உடையவர்களின் குரோமோசோம்களை ஆராய்ந்தபோது, 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் முறிந்து ஒன்றன் துண்டு மற்றொன்றில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலரிடம் கண்டனர். அது 'ஃபாலிக்குலர் லிம்ஃபோமா' எனப்படும் வகை. நம் ஆசிரியருக்கு வந்த நோயும் அதுவே. முறிந்த இடத்தில் இருப்பது எந்த மரபணு? பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வுக்கூடத்தில் யோஷிஹிடே சுஜிமோட்டோ, கார்லோ குரோச்சே முதலியோர் 1984இல் அதைப் பிரித்தெடுத்தனர். பி-வகை வெள்ளணுப் புற்றில் கண்ட இரண்டாவது மரபணு என்னும் பொருளில் அதற்கு பி.சி.எல்.-2 என்று பெயரிட்டனர். 14ஆம் குரோமோசோமின் அவ்விடத்தில் நோயெதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும் மரபணு உள்ளது. பி-வெள்ளணுக்களில் அது ஓயாமல் இயங்குவது. இரவும் பகலும் ஓடும் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியேறியவருக்கு உறக்கம் ஏது? பி.சி.எல்.-2 மரபணுவும் அவ்வாறே ஓயாது விழித்திருக்கலாயிற்று.

அதுவரை கண்ட புற்று மரபணுக்கள் யாவும் உயிரணுவைப் பெருக்குவன. இதுவும் அப்படித்தான் என்று எதிர்பார்த்தனர். மெல்போர்னில் வால்டர் எலிசா ஹால் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருந்த டேவிட் வாக்ஸ், தம் ஆசிரியர்களான சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் இருவரோடும் 1988இல் வெளியிட்ட முடிவு அதைக் கவிழ்த்தது. வளர்ச்சிக்கு வேண்டிய ஊட்டப்பொருளை நீக்கினால் சில நாட்களுக்குள் சாகக்கூடிய இரத்த உயிரணுக்களில் இம்மரபணுவைப் புகுத்தினார். ஊட்டத்தை நீக்கினார். அவை சாகவில்லை. பெருகவும் இல்லை, சும்மா உயிரோடு இருந்தன. பெருக்குவதன்று, சாகவிடாமல் வைப்பதே இதன் தொழில் என்று அன்று தெரிந்தது. இந்தச் 'சும்மா இருத்தல்' பின்னர் வரப்போகும் புதிருக்குத் திறவுகோலாகும். வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1992இல் வாக்ஸ் மனிதரின் பி.சி.எல்.-2 மரபணுவை அந்தச் சிறு புழுவில் வைத்தார். புழுவின் உயிரணுச் சாவு குறைந்தது. இருவழிகளும் ஒன்றாகக் கூடிய நாள் அது. 1993இல் ஸ்டான்லி கோர்ஸ்மேயர் குழுவினர் பி.சி.எல்.-2 உடன் பிணைந்து நிற்கும் 'பாக்ஸ்' என்னும் புரதத்தைக் கண்டனர். வடிவில் அது உடன்பிறப்பு, தொழிலில் பகை. பாக்ஸ் மிகுந்தால் சாவு, பி.சி.எல்.-2 மிகுந்தால் வாழ்வு. பிறகு இக்குடும்பத்தில் வேறு பல உறுப்பினர்களும் கண்டறியப்பட்டனர். உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவின் புறச்சவ்வில் பாக்ஸ் துளையிடுகிறது. துளை வழியே 'சைட்டோகுரோம் சி' கசிகிறது. அது வெளியே வந்ததும் புரதங்களை வெட்டும் நொதிகள் விழித்து உயிரணுவைத் துண்டாடுகின்றன. கசிவின் பங்கை 1996இல் சியாவ்தோங் வாங் குழுவினர் காட்டினர். துளை விழாமல் காவல் நிற்பது பி.சி.எல்.-2. மற்றொரு புரதமான பி-53, உயிரணுவின் மரபுப் பொருள் பழுதுபட்டால் அதை உணர்ந்து, சாவு வேண்டும் என்று ஆணை அனுப்புவது. புற்றுநோய் மருந்துகளும் கதிர்வீச்சும் பெரும்பாலும் மரபுப் பொருளைப் பழுதாக்கி இந்த ஆணையைப் பிறப்பித்தே புற்றணுவைக் கொல்கின்றன.

இவ்வளவும் தெரிந்தபின் நோயாளியின் போக்கை முன்னுரைப்பது எளிதாகத் தோன்றியது. பி.சி.எல்.-2 சாவைத் தடுக்கும், மருந்து சாவை உண்டாக்கியே நோயை வெல்லும், ஆகவே பி.சி.எல்.-2 உள்ள கட்டி மருந்துக்கு அடங்காது, நோயாளி விரைவில் இறப்பார். தருக்கம் பயின்றவர் எவரும் குறை காண முடியாத வாதம்! சோதித்துப் பார்ப்பதும் கடினமன்று. அறுத்தெடுத்த கட்டிகளை மெழுகில் பொதிந்து ஆண்டுக்கணக்காகச் சேமித்து வைப்பது மருத்துவமனைகளின் வழக்கம். அவற்றிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, குறித்த புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைத் தடவினால், புரதம் உள்ள இடம் பழுப்பு நிறமாகும். அந்நோயாளி அதற்குப்பின் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டியதுதான்.

ஆக்ஸ்போர்டில் ஃபிரான்செஸ்கோ பெட்செல்லா குழுவினர் அறுவை செய்துகொண்ட 122 நுரையீரல் புற்று நோயாளிகளின் கட்டிகளை இவ்வாறு சோதித்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். 25 கட்டிகளில் பி.சி.எல்.-2 இருந்தது. ஐந்தாண்டுக்கு அப்பால் வாழ்ந்தவர் விகிதம் அவர்களிடையேதான் மிகுதி! மார்பகப் புற்றிலும் 1994 முதல் இதே விந்தை. ஒன்றிரண்டு ஆய்வுகளின் தற்செயல் என்று தள்ளவும் முடியவில்லை. 2010இல் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்து 11,212 பெண்களின் விவரங்களை நோக்கியபோதும் பி.சி.எல்.-2 உள்ளவர்களே நெடுநாள் வாழ்ந்தனர். ஆசிரியரின் மகள் படித்துத் தேறுதல் கொண்டது இத்தகைய ஆய்வையே.

காரணம் என்ன? மார்பக உயிரணுவில் ஈஸ்ட்ரோஜன் சுரப்புநீரின் ஆணைக்கு அடங்கியே பி.சி.எல்.-2 பெரிதும் உண்டாகிறது. ஆகவே அது காணப்படுவது, அப்புற்றணு இன்னும் உடலின் சொற்கேட்டு நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் தமோக்சிஃபென் போன்ற மருந்துக்கு அது பணியும். ஆனால் இது முழு விடையாகாது. ஈஸ்ட்ரோஜனுக்குச் செவிகொடாத கட்டிகளிலும் அப்புரதம் நன்மையையே குறித்ததாக 2010ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. இங்குதான் வாக்ஸ் கண்ட 'சும்மா இருத்தல்' நினைவுக்கு வருகிறது. பி.சி.எல்.-2 சாவைத் தடுப்பதோடு, உயிரணு மீண்டும் பிளவில் இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் 1996இல் காட்டினர். சாகாது, ஆனால் விரைந்து பெருகவும் பெருகாது. பெருகும் வேகமே ஆளைக் கொல்லும் நோய்களில், அவ்வேகம் குறைவது நோயாளிக்கு ஆதாயம்.

2004இல் வெளியான, இன்று 'ஆன்கோடைப் டி.எக்ஸ்.' என்னும் பெயரில் வழங்கும் மார்பகப் புற்றுச் சோதனை இதற்கு நல்ல சான்று. நோய் மீண்டும் வருமா என்று கணிக்க அது 21 மரபணுக்களை அளக்கிறது. அவற்றுள் சாவைத் தடுப்பவை என்று பெயர் பெற்றவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம்: பி.சி.எல்.-2 ஒன்று, 1997இல் கண்டறியப்பட்ட 'சர்வைவின்' மற்றொன்று. முன்னது மிகுந்தால் நோய் மீளும் மதிப்பெண் குறைகிறது. பின்னது மிகுந்தால் ஏறுகிறது. சர்வைவினுக்கு உயிரணுப் பிளவிலும் பங்கு உண்டு. விரைந்து பிளக்கும் உயிரணுவில்தான் அது மிகுதி. இரண்டும் ஒரே தொழிலுக்குப் பேர்பெற்றவை. ஒரே தாளில் ஒன்றுக்குக் கூட்டல், மற்றொன்றுக்குக் கழித்தல்!

எனினும் மருமகன் படித்ததும் பொய்யன்று. விந்துச்சுரப்பிப் புற்றில், ஆண்மைச் சுரப்புநீரை நிறுத்தியும் அடங்காமல் தப்பித்து வளரும் கட்டிகளில் பி.சி.எல்.-2 மிகுந்திருப்பதை 1992இல் ஹூஸ்டன் ஆய்வாளர்கள் கண்டனர். விரைந்து வளரும் பெரிய பி-உயிரணு லிம்ஃபோமாவிலும் அப்புரதம் தீய போக்கையே குறித்தது. ஆனால் அங்கும் ஒரு திருப்பம். ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தைப் பழைய மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும், பி.சி.எல்.-2 உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இருந்த இடைவெளி பெரிதும் மறைந்தது என்று 2003இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் தெரிவித்தனர். பின்னர் நோக்கியபோது, உயிரணுவைப் பெருக்கும் 'மைக்' என்னும் புரதமும் உடன் சேரும்போதே போக்கு மிகக் கொடிதாகிறது என்று தெரிந்தது. ஒன்று ஓயாமல் பெருக்குகிறது. மற்றது பெருகியதைச் சாகவிடுவதில்லை. இவ்விரு மரபணுக்களும் முறிந்து இடம்மாறிய லிம்ஃபோமாவை 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் தனி வகையாகவே பிரித்தது. சேர்க்கையால் குணம் மாறும் என்பது மனிதர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

அப்படியானால் நம் ஆசிரியரின் ஃபாலிக்குலர் லிம்ஃபோமாவில் அவ்வரிக்கு என்ன பொருள்? இயல்பான நிணநீர்க் கணுவின் முளைமையங்களில் உள்ள வெள்ளணுக்களில் பி.சி.எல்.-2 இராது. நல்ல எதிர்ப்பொருளை உண்டாக்க இயலாதவை அங்கே உடனே சாக வேண்டும். காவல் இருந்தால் அந்தத் தேர்வு நடவாது. அவ்விடத்தில் பழுப்பு நிறம் தெரிந்தால், அது சளி, காய்ச்சலால் வீங்கிய வெறும் கணு அன்று, ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்று பகுத்தறிய உதவும். அதாவது அவ்வரி நோயின் பெயரைச் சொல்கிறது. நோயின் முடிவைச் சொல்லவில்லை. அந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் அப்புரதம் உண்டு. வகுப்பில் எல்லாரும் வாங்கிய மதிப்பெண்ணைக் கொண்டு எவர் முதல்வர் என்று சொல்ல முடியுமா? 2004இல் அனைத்துலக ஆய்வுக் குழுவொன்று இந்நோயின் போக்கைக் கணிக்க ஐந்து அளவுகளை வகுத்தது: வயது 60ஐத் தாண்டியதா, நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது, இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்துள்ளதா, நான்குக்கு மேற்பட்ட கணுப் பகுதிகளில் பரவியதா, எல்.டி.எச். என்னும் நொதி ஏறியுள்ளதா என்பன. பி.சி.எல்.-2 அப்பட்டியலில் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த 14, 18 குரோமோசோம் மாற்றமுடைய ஓரிரு வெள்ளணுக்கள் நோயற்ற மக்கள் பலரின் இரத்தத்திலும் காணப்படுகின்றன, அவர்களில் பெரும்பாலோர்க்கு அந்நோய் வருவதே இல்லை.

'பாசிட்டிவ்' என்பதைத் தமிழில் 'நேர்மறை' என்று பெயர்த்துவிட்டுப் போகிறவர்கள்மீது எனக்குச் சற்று வருத்தம் உண்டு. படிப்பவர் அதை 'நல்லது' என்றே கொள்கிறார். 'காணப்பட்டது' என்று எழுதினால் குழப்பம் பாதி தீரும். அதிலும், எத்தனை உயிரணு நிறமேறினால் 'காணப்பட்டது' என்பது என்பதற்கு ஆய்வுக்கு ஆய்வு வேறு எல்லை. நூற்றுக்குப் பத்து போதும் என்றவரும் உண்டு. ஐம்பது, எழுபது வேண்டும் என்றவரும் உண்டு.

மருந்து மாறினால் முன்னுரையும் மாறும் என்று மேலே கண்டோம். இதனை முழுமையாக விளக்குவது நாட்பட்ட லிம்ஃபோசைட் வெள்ளணுப் புற்றின் வரலாறு. செர்மனியில் ஹார்ட்மூட் டோனர் குழுவினர் 325 நோயாளிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியை இழந்தவர்களின் நடுநிலை ஆயுள் 32 மாதம். 13ஆம் குரோமோசோமில் மட்டும் ஒரு சிறு பகுதியை இழந்தவர்களுக்கு 133 மாதம். இழந்த பகுதிகளில் இருந்தவை எவை? 17இல் இருப்பது, சாவாணை அனுப்பும் பி-53இன் மரபணு. 13இல் இருப்பவை பி.சி.எல்.-2ஐ அடக்கி வைக்கும் இரு நுண்ணிய ஆர்.என்.ஏ.க்கள், 2002இலும் 2005இலும் குரோச்சே குழுவினர் அவற்றின் இழப்பையும் தொழிலையும் காட்டினர். அடக்குவது போனால் பி.சி.எல்.-2 மிகும். மிகுந்தவர்களே நெடுநாள் வாழ்ந்தனர். பி-53ஐ இழந்தவர்களே விரைவில் இறந்தனர். அன்றிருந்த மருந்துகள் பெரும்பாலும் பி-53இன் ஆணையை நம்பியே கொல்பவை. ஆணையிடுபவன் இல்லாத இடத்தில் அவை என்ன செய்யும்? ஆகவே அந்த 32 மாதம் நோயின் இயல்பை மட்டும் சொன்னதன்று. அக்காலத்து மருந்தின் எல்லையையும் சேர்த்துச் சொன்னது.

பி-53ஐ நாடாமல், காவல் நிற்கும் பி.சி.எல்.-2ஐயே நேராகப் பிடித்து விலக்கினால்? அப்புரதத்தின் மேல் உள்ள பள்ளமொன்றில் பொருந்தி அமரும் மருந்தை உண்டாக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2005இல் வெளியான முதல் பொருளை வாயால் உண்ண இயலாது. உண்ணத்தக்கதாகச் செய்த அடுத்தது, உடன்பிறந்த பி.சி.எல்.-எக்ஸ்.எல். புரதத்தையும் தடுத்தது, இரத்தத் தட்டணுக்கள் உயிர்வாழ்வது அப்புரதத்தாலாதலால் தட்டணுக்கள் சரிந்தன. மூன்றாவதாக, பி.சி.எல்.-2ஐ மட்டுமே பிடிக்கும் வெனிடோகிளாக்ஸ் 2011இல் மெல்போர்னில் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. வாக்ஸ் 1988இல் ஆராய்ந்த அதே நகரம். புற்றணுக்கள் அவ்வளவு விரைவாகக் கூட்டமாகச் செத்தன. அவற்றின் கழிவே உயிருக்கு ஆபத்தாயிற்று. அதனால் இன்று 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் ஏற்றி, ஐந்தாம் வாரத்தில்தான் 400ஐ எட்டுகின்றனர். 2016இல் வெளியான முதல் ஆய்வின் கணக்கில் 116 நோயாளிகளில் நூற்றுக்கு 79 பேருக்குப் பயன் கிட்டியது. 17ஆம் குரோமோசோம் பகுதியை இழந்தவர்களும் அதில் பெரும்பாலும் பயன் பெற்றனர். அவ்வாண்டே அமெரிக்க அரசு அந்த இழப்பு உள்ளவர்களுக்கு அம்மருந்தை ஒப்புக்கொண்டது. அவர்களுக்குப் பிறரைவிட விரைவாக நோய் மீள்கிறது என்பது உண்மையே. ஆயினும் 32 மாதம் என்ற பழைய தீர்ப்பை இன்று எவரும் அப்படியே படித்துக் காட்டுவதில்லை.

இத்தனைக்கும், அப்புரதத்திற்குப் பெயர் பெற்றுத் தந்த ஃபாலிக்குலர் லிம்ஃபோமாவில் வெனிடோகிளாக்ஸ் தனித்துக் கொடுக்கப்பட்டபோது, 2017இல் வந்த கணக்கின்படி, நூற்றுக்கு 38 பேருக்கே பயன் தெரிந்தது. காவலன் ஒருவன் அல்லன். அவனை விலக்கினால் உடன்பிறந்த வேறொருவன் அவ்விடத்தில் நிற்கிறான் என்பது அறிஞர் தரும் விளக்கங்களுள் ஒன்று.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்திய பிறகே படிக்கத் தொடங்கினார். படித்து முடித்து, "அப்படியென்றால் இந்த வரியை விட்டுவிட்டு, அந்த ஐந்து கேள்விகளை டாக்டரிடம் கேட்கிறேன்" என்றார். கேட்டிருக்கிறார். வயது ஒன்றைத் தவிர மற்ற நான்கிலும் அவருக்குக் குறை இல்லை. உடனே மருந்து தொடங்க வேண்டாம், மூன்று மாதத்திற்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை போகும்போது கேட்பதற்கென்று, புதிய கேள்விகளை ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வருகிறார்.